வீட்டுக் கார்பன் கணக்கு: எதில் முதலில் கைவைப்பது?

1 லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவுதான். ஆனால் அது எரிந்தால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 2.3 கிலோ. 12 பங்கு கார்பன், காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காவதால் வரும் கணக்கு இது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த இந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பழி எரிமலை மீது அல்ல. நிலக்கரியும் எண்ணெயும் பழைய தாவரங்களிலிருந்து வந்தவை. அவற்றில் கார்பன்-13 எனும் சற்று எடைகூடிய கார்பன் வகை குறைவு. காற்றிலும் அதன் விகிதம் இறங்கிக்கொண்டே வருவது, கூடிய வாயு இந்த எரிபொருள்களிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று. வெளியேறியதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கிவிடும் என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் பழைய பாக்கியோடு சேருகிறது.

குறைப்பதற்கு முன் அளக்க வேண்டும். 12 மாத ரசீதுகளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தை 12ஆல் பெருக்கினால் கோடைக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடு கணக்கைக் கெடுத்துவிடும்.

வாகனத்துக்கு ஓடிய தூரம் வேண்டாம், ஊற்றிய லிட்டரைப் பாருங்கள். பெட்ரோலை 2.3ஆல், டீசலை 2.7ஆல் பெருக்குங்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு கிலோவுக்கு 3 கிலோ. மின்சாரத்தில்தான் பலரும் தவறுவார்கள்: முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ, இயற்கை எரிவாயு என்றால் அதில் பாதி, நீர்மின்சாரம் என்றால் மிகச் சொற்பம். உங்கள் ஊருக்கு மின்சாரம் தரும் மின்தொகுப்புக்கு உரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். வேறு நாட்டுக் கால்குலேட்டர் தரும் விடை உங்களுக்குப் பொருந்தாது.

ரசீதிலேயே வராத ஒன்று உண்டு: ஏசிக்குள் இருக்கும் வாயு. ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயு 1 கிலோ கசிந்தால் அது ஏறத்தாழ 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், அதாவது 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததுபோல. ஆர்-32 என்ற இன்னொரு வகை என்றால் 675 கிலோ. ஆகவே 'கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பிவிடலாம்' என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடிய சுற்றில் வாயு தானாகத் தீராது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. செப்புக் குழாய்கள் இணையும் நட்டுகளில் எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று பாருங்கள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் வைத்து ஈரத்தையும் காற்றையும் இழுத்துவிட்டு, தராசில் எடைபோட்டு நிரப்ப வேண்டும். வேக்குவம் போடாவிட்டால் உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசரை அரிக்கும். வீடு மாற ஏசியைக் கழற்றும்போதும் வாயுவைத் திறந்துவிட விடாதீர்கள். இயந்திரம் ஓடும்போதே மெல்லிய குழாயின் வால்வை மூடி, வாயு வெளியலகுக்குள் ஒதுங்கியதும் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது என்பதால் இதைப் பயிற்சி பெற்றவரே செய்யட்டும்.

அடுத்து ஈரக் குப்பை. காற்றில்லாமல் மட்கினால் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்குக்கு மேல் சூடேற்றும். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு. அளவில் ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை போட்டு, வாரம் ஒருமுறை கிளறினால் போதும். நாற்றம் அடித்தால் ஈரம் மிஞ்சி, காற்று போகவில்லை என்று பொருள். இன்னும் இலை போட்டுக் கிளறுங்கள்.

எல்லாவற்றையும் கூட்டியபின், மிக அதிகமாக வரும் இரண்டு வரிகளில் மட்டும் கைவையுங்கள். செல்போன் சார்ஜரைப் பிடுங்கிவைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இன்றைய சார்ஜரை ஆண்டு முழுக்கச் சும்மா செருகிவைத்தாலும் 1 யூனிட் ஆவது அரிது. 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் 40 நிமிடத்தில் அதை முடித்துவிடும். ஹீட்டரின் சூட்டைக் குறைத்து, குளியலையும் சுருக்கினால் கணக்கில் தெரியும். ஏசியில் வெப்பநிலையை 2 டிகிரி ஏற்றி, மின்விசிறியைச் சேர்த்து ஓட்டுங்கள். தூசு வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். அடைத்த வடிகட்டி காற்றைத் தடுத்து, உள்ளே பனி பிடிக்கவைக்கும்.

மாற்றம் செய்தபின் போன மாத ரசீதோடு ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டின் அதே மாத ரசீதை எடுங்கள். வீட்டில் ஆள் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ தலைக்கு வகுத்துப் பாருங்கள்.