வீட்டில் ஒருவருக்கு சுகர் என்றால் எல்லோருக்கும் ஒரே சமையல்: எங்கே தொடங்குவது?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததுமே பல குடும்பங்களில் அவருக்குத் தனிச் சமையல் தொடங்கிவிடும். அவருக்கு உப்புச்சப்பில்லாத பத்தியச் சாப்பாடு, மற்றவர்களுக்கு வழக்கம்போல். இது ரொம்ப நாள் ஓடாது. சமைப்பவர் அலுத்துப்போவார். சாப்பிடுபவருக்குத் தன்னை ஒதுக்கிவைத்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் யாருக்கும் தெரியாமல் சாப்பிட ஆரம்பிப்பார். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: அவருக்கு எது நல்லதோ அதையே வீடு முழுக்கச் சாப்பிடுங்கள்.

கீழே உள்ளவை இரண்டாம் வகை நீரிழிவை மனதில் வைத்து எழுதியவை. முதல் வகை என்றால் ஒவ்வொரு வேளை உணவுக்கும் இன்சுலினைக் கணக்கிட வேண்டும். அதை மருத்துவரிடம் நேரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

படி 1: மாற்றத்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்

இன்சுலினும், கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும் அவர் இதுவரை சாப்பிட்டு வந்த அளவை வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கும். மருந்து அப்படியே இருக்க, திடீரென்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தால் சுகர் சட்டென இறங்கிவிடும். ஆகவே முதல் வேலை, "வீட்டில் சாப்பாட்டை மாற்றப்போகிறோம், மருந்தைக் குறைக்க வேண்டுமா?" என்று கேட்பது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பருப்பு, இறைச்சி, பழம் ஆகியவற்றின் அளவு அவருக்கு வேறாக இருக்கும்.

லோ சுகரின் அறிகுறிகள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம். சுகர் பார்க்கும் கருவியில் 70 mg/dL-க்குக் கீழே காட்டினால், சுமார் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நிறையச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் அவர்கள் மட்டுமே இருக்கலாம்.

படி 2: மற்றவர்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சுகர் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. பரம்பரை ஒரு பக்கம். ஒரே அடுப்பு, ஒரே சோம்பல், ஒரே தூக்க நேரம் இன்னொரு பக்கம். வெறும் வயிற்றில் சுகர் 100-க்குக் கீழே இருந்தால் நலம். 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய விளிம்பு நிலை. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரியில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை விளிம்பு, 6.5-லிருந்து நீரிழிவு.

விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் இந்த முயற்சியால் லாபம் அதிகம். 2002-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டு இலக்குகளோடு இருந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம்தான். ஒருவருக்காக மாற்றும் சாப்பாடு மற்றவர்களைக் காப்பாற்றும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

படி 3: தட்டில் பரிமாறும் வரிசையை மாற்றுங்கள்

என்ன சாப்பிடக் கூடாது என்ற பட்டியலோடு தொடங்காதீர்கள். தட்டைப் பாருங்கள். வழக்கமாகச் சோறோ ரொட்டியோ முதலில் விழுந்து முக்கால் தட்டை அடைத்துக்கொள்ளும். காய் ஓரத்தில் ஒரு கரண்டி ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத் தலைகீழாக்குங்கள். முதலில் காய்கறியும் கீரையும் பாதித் தட்டு. அடுத்து பருப்பு, முட்டை, மீன், இறைச்சி என்று புரதம் ஏதாவது ஒன்று கால் பங்கு. கடைசியில் மிஞ்சும் கால் பங்கில்தான் சோறோ ரொட்டியோ. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மாவுச்சத்து. பெரிய தட்டாக இருந்தால் கால் பங்கே மலையாகிவிடும் என்பதால் தட்டும் சின்னதாக இருக்கட்டும்.

சாப்பிடும்போதும் இதே வரிசைதான். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்துக்கு வந்தால், சாப்பிட்ட பின் சுகர் ஏறும் வேகம் குறைகிறது. சமைத்தது ஒன்றுதான், வரிசை மட்டும்தான் வேறு. வளரும் பிள்ளைகளுக்குச் சோறு கூடுதலாக வைக்கலாம். அவர்களைப் பட்டினி போட வேண்டாம்.

படி 4: குடிக்கும் இனிப்பை முதலில் நிறுத்துங்கள்

குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். வீட்டிலேயே பிழிந்த பழச்சாறும் கிட்டத்தட்ட இதே கதைதான். நார்ச்சத்து போய்விடுவதால் சர்க்கரை விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. பழத்தைப் பழமாகவே, அளவாகச் சாப்பிடலாம். தேனும் பழுப்புச் சர்க்கரையும் சுகரை ஏற்றத்தான் செய்யும். 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட பிஸ்கட்டிலும் மாவு இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பி, மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்ற வரியைப் படியுங்கள். லோ சுகருக்காக வைத்திருக்கும் சர்க்கரையை மட்டும் தூக்கிப்போடாதீர்கள்.

படி 5: காவல் காக்காதீர்கள்

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். விசேஷ நாள், எல்லோர் கையிலும் இனிப்பு. அவர் கை நீட்டும்போது யாரோ ஒருவர், "உங்களுக்குத்தான் சுகராச்சே?" என்கிறார். நீட்டிய கை அப்படியே மடங்கிவிடுகிறது. அக்கறையில் சொன்னதுதான், ஆனால் கூட்டத்தின் நடுவே அது குத்துகிறது. அன்றைக்கு எல்லோருமே சின்னத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடுப்பது, அதற்குப் பதில் சோற்றில் எதைக் குறைப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். சுகர் கூடியிருக்கும் நாளில் "என்ன தின்றாய்?" என்று விசாரணை வைக்காதீர்கள். காய்ச்சல், மன உளைச்சல், தூக்கமின்மை, சில மருந்துகள் எல்லாமே அதை ஏற்றும்.

படி 6: சாப்பிட்டதும் சேர்ந்து நடங்கள்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10, 15 நிமிடம் போதும். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. கால் மரத்துப்போகும் தொல்லை உள்ளவர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. வந்ததும் பாதத்தில் புண்ணோ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லலாம்.

படி 7: மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்

சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால், எச்பிஏ1சி-யில் மாற்றம் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்கு முன்பே பலனில்லை என்று கைவிட வேண்டாம். அந்த ரிசல்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள். எண் நன்றாக இருந்தாலும் அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. விளிம்பில் இருந்த மற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.