ஓப்பன் டிடிடி: ஒரு ரயிலுக்குப் போட்ட பாதை பத்து ரயிலைத் தாங்காது

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு, ஓப்பன் டிடிடி என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் மாட்டிக்கொண்டு சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, பதினோரு வண்டி வாங்கிப் போட்டேன், எல்லாம் அப்படியே நிக்குது, ஒண்ணும் நகரல. என்ன செய்ய?" திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு நிலக்கரி ரயிலுக்காகப் போட்ட ஒற்றைத் தண்டவாளம், அதிலிருந்தே நாலு கிளை, அதன் மேலேயே பயணிகள் வண்டி, நடுவில் இரண்டு இன்ஜின்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. பின்னால் வந்த மற்ற வண்டிகள் எல்லாம் வரிசையில்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கிறிஸ் சாயர் 1994-இல் டிரான்ஸ்போர்ட் டைகூன் என்று ஒரு விளையாட்டை எழுதினார், அடுத்த ஆண்டு அதன் டீலக்ஸ் பதிப்பு வந்தது. அதை அடியொற்றி 2004 முதல் ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்துவரும் இலவச விளையாட்டுதான் ஓப்பன் டிடிடி. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். தம்பிக்கு அன்றைக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். தவறுகள் பல விதம், ஆனால் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான்: இன்றைக்குக் கையில் இருக்கும் ஒரு ரயிலை மட்டும் நினைத்துக்கொண்டு பாதை போடுவது.

முதலில் பணம். ஆட்டம் தொடங்கும்போது கையில் இருக்கும் ஒரு லட்சம் பவுண்டும் கடன்தான், வழக்கமான அமைப்பில் மூன்று லட்சம் வரை வாங்கலாம். கடனுக்குப் பயந்து பலர் குட்டிப் பாதையாகப் போடுகிறார்கள், பேட்டையில் ஏற்றி நெல்லை ஜங்ஷனில் இறக்குவது மாதிரி. அதில் காசு வராது. எவ்வளவு சரக்கு, எவ்வளவு தூரம், எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது, இந்த மூன்றையும் வைத்துத்தான் கூலி கணக்காகிறது. அந்தத் தூரமும் தண்டவாளத்தின் நீளம் இல்லை, ஏற்றிய ஸ்டேஷனுக்கும் இறக்கிய ஸ்டேஷனுக்கும் நடுவில் வரைபடத்தில் இருக்கும் கட்டங்களின் கணக்கு. பாதையைச் சுற்றிவளைத்துப் போட்டால் கூடுதல் காசு கிடையாது, நேரம்தான் வீணாகும். நிலக்கரி தாமதத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், பயணிகள் பொறுக்க மாட்டார்கள், ஏறிய நேரத்திலிருந்தே கூலி குறைய ஆரம்பிக்கும். அதனால் முழுக் கடனையும் வாங்கி, தொலைவில் இருக்கும் நல்ல நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிலிருந்து மின் நிலையத்துக்கு ஒரு பாதை போடுங்கள். வட்டி குறைவுதான், இரண்டு மூன்று வண்டி ஓடினால் தானாக அடையும். கையில் இருக்கும் எல்லாப் பணத்தையும் தண்டவாளத்துக்கே கொட்டிவிட்டு இரண்டாவது இன்ஜினுக்குக் காசில்லாமல் நிற்காமல் இருந்தால் சரி.

இனி சிக்னல். இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி – தென்காசி பாதையிலோ திருச்செந்தூர் பாதையிலோ பாசஞ்சரில் போனவர்களுக்குக் கிராசிங் என்ற சொல்லைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் வண்டி நின்றுவிடும், எதிர் வண்டி வந்து பக்கத்து லைனில் ஏறும், அப்புறம்தான் நாம் கிளம்புவோம். மீட்டர் கேஜ் காலத்தில் டிரைவர் கைக்கு ஒரு வளையத்தில் டோக்கன் வரும், அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க முடியாது. ஒரு துண்டுப் பாதை, அதற்கு ஒரு டோக்கன், அதில் ஒரே ஒரு வண்டி. விளையாட்டில் இருக்கும் பிளாக் சிக்னல் செய்வதும் இதே வேலைதான். இரண்டு சிக்னல்களுக்கு நடுவில் இருக்கும் தண்டவாளம் முழுவதும் ஒரு பிளாக், அதற்குள் ஒரு வண்டி இருந்தால் இன்னொன்று நுழையாது.

தம்பி செய்த தவறு என்னவென்றால், ஒற்றைப் பாதையின் நடுவில் நாலைந்து இடங்களில் இரண்டு பக்கமும் பார்க்கிற பிளாக் சிக்னல்களை வைத்துவிட்டான். இந்தப் பக்கத்து வண்டி முதல் துண்டு காலி என்று நுழைகிறது, அந்தப் பக்கத்து வண்டியும் அப்படியே நுழைகிறது, நடுவில் இரண்டும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சிக்னல் கூடக் கூடப் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறான். ஒற்றைப் பாதையில் சிக்னல் நடுவழியில் இருக்கவே கூடாது. கிராசிங் லூப்பின், அதாவது எதிர் வண்டிக்கு ஒதுங்கப் பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தின், இரண்டு லைனிலும், வண்டி வெளியேறும் முனையில் ஒருவழிப் பாத் சிக்னல் ஒன்று, அவ்வளவுதான். பாத் சிக்னலில் நிற்கும் வண்டி அடுத்து எங்கே பத்திரமாக நிற்க முடியுமோ அதுவரைக்கும் பாதையை முன்பதிவு செய்துகொண்டுதான் கிளம்பும், அதாவது அடுத்த லூப்பின் கடைசி வரை. இடையில் எதிர் வண்டி இருந்தால் கிளம்பாது.

இதிலிருந்து ஒரே ஒரு விதியை மனதில் வைத்தால் போதும்: ஒரு ரயில் முழுசாக நின்றாலும் யாருக்கும் இடைஞ்சல் வராத இடத்தின் முனையில் மட்டும் பாத் சிக்னல் வையுங்கள். ஜங்ஷனில் இதை மீறுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கட்டத்துக்கு இரண்டு பெட்டி, அப்படியானால் இன்ஜினோடு சேர்த்துப் பத்துப் பெட்டி வண்டிக்கு ஐந்து கட்டம் வேண்டும். ஜங்ஷனைத் தாண்டி இரண்டாவது கட்டத்திலேயே சிக்னல் வைத்தால் வண்டியின் மூக்கு அங்கே நிற்கும், வால் மூன்று கட்டம் ஜங்ஷன் மேலேயே கிடக்கும், மற்ற எல்லாத் திசை வண்டிகளும் அதற்காகக் காத்துக்கிடக்கும். ஜங்ஷனுக்கு முன்னால் சிக்னல், பின்னால் முழு ரயில் நீளம் காலி, அதற்கு அப்புறம் அடுத்த சிக்னல். ஸ்டேஷன் வாசலிலும் பிளாக் சிக்னலை விட்டுவிட்டுப் பாத் சிக்னல் வையுங்கள், ஏனென்றால் பிளாக் சிக்னல் வாசல் முழுவதையும் ஒரே துண்டாகப் பார்க்கும், ஒரு வண்டி ஒன்றாம் பிளாட்பாரத்துக்குள் போகும்போது நாலாம் பிளாட்பாரத்து வண்டி சும்மா நிற்க வேண்டி வரும்.

வண்டிகள் மாட்டிக்கொண்டால் சிக்னலை மீறிப் போகச் சொல்லும் பொத்தானை அமுக்காதீர்கள். இரண்டு ரயில்கள் மோதினால் இரண்டும் போய்விடும், மீட்க வழியில்லை. ஏதாவது ஒன்றைப் பின்னோக்கித் திருப்புங்கள், டெப்போவுக்கு அனுப்புங்கள், வழி விட்டதும் சிக்னலைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது ஸ்டேஷன். வண்டிகள் நடுவழியில் வரிசை கட்டி நிற்கிறதென்றால் பாதையை அகலப்படுத்த ஓடாதீர்கள், முதலில் வரிசையின் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு ஸ்டேஷனில்தான் இருக்கும். ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாதையில் இருபது வண்டி ஓட இடம் இருக்கலாம், ஆனால் சுரங்கத்து ஸ்டேஷனில் இரண்டே பிளாட்பாரம் என்றால் இரண்டு வண்டிக்குத்தான் வேலை, மற்றவை வாசலில் நிற்கும், அந்த வரிசை நீண்டு மெயின் லைனுக்கு வந்துவிடும். பிளாட்பாரத்தைக் கூட்டுங்கள், வாசலுக்கு முன்னால் இரண்டு மூன்று வண்டி மெயின் லைனை விட்டு ஒதுங்கி நிற்கவும் இடம் விடுங்கள். பிளாட்பாரத்தை விட ரயில் நீளமாக இருந்தாலும் ஏற்றிவிடும், ஆனால் மிக மெதுவாக ஏற்றும், அது இன்னும் மோசம்.

முழுசாக நிரம்பும் வரை நில் என்ற கட்டளையை எங்கே கொடுக்கிறோம் என்பது முக்கியம். சுரங்கத்தில் அது நல்லது. எப்போதும் ஒரு வண்டி ஏற்றிக்கொண்டே இருந்தால் ஸ்டேஷனின் ரேட்டிங் ஏறும், ரேட்டிங் ஏறினால் சுரங்கம் தன் உற்பத்தியில் அதிகப் பங்கை உங்களிடம் கொடுக்கும். வண்டியின் வேகமும் வயதும், கடைசியாக வண்டி வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும், எவ்வளவு சரக்கு தேங்கிக்கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் அந்த ரேட்டிங். ஊருக்குள் ஓடும் பயணிகள் வண்டிக்கு இதே கட்டளையைக் கொடுத்தால் கதை வேறு. தபால் பெட்டியையும் பயணிகள் பெட்டியையும் ஒன்றாகக் கோத்து, எல்லாம் நிரம்பட்டும் என்று சொல்லிவிட்டால், ஒரு சின்ன ஊரில் தபால் சேரும் வரைக்கும் ஏறிய ஜனங்களோடு வண்டி கிடக்கும். நிலக்கரி வண்டியையும் பயணிகள் வண்டியையும் ஒரே பிளாட்பாரத்தில் விடுவதும் இப்படித்தான் முடியும்.

இன்னொரு சின்ன விஷயம், புதியவர்களைக் கலங்கவைப்பது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் கட்டியதும் சரக்கு வராது. முதல் வண்டி போய் ஏற்ற முயன்ற பிறகுதான் வர ஆரம்பிக்கும். ஸ்டேஷன் கெட்டுப்போய்விட்டதென்று இடித்துவிடாதீர்கள்.

மேடு பள்ளத்துக்கு வருவோம். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையேறும் பாதை 1904-இல் திறந்தது, அகலப் பாதையாக மாறி 2018-இல் மறுபடி முழுசாக ஓடத் தொடங்கியது. அந்த ஏற்றத்தில் இன்றைக்கும் வண்டிக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் சேர்த்துத் தள்ளுகிறார்கள். விளையாட்டிலும் ஏற்றம் ஏற்றம்தான். வரைபடத்தில் நேர்க்கோடாகப் போட்டுவிட்டு மூன்று மேட்டில் ஏறி இறங்கினால், நிரம்பிய கூட்ஸ் வண்டி ஒவ்வொன்றிலும் ஊர்ந்து போகும், பின்னால் வரும் வேகமான வண்டியும் அதற்குப் பின்னாலேயே ஊரும், ஏனென்றால் இந்த விளையாட்டில் ரயில் ரயிலை முந்தாது. அதிலும் சிக்னலையோ ஸ்டேஷனையோ ஏற்றத்தின் அடியில் வைப்பது பெரிய தவறு. நின்ற வண்டி அங்கிருந்து வேகம் எடுக்கப் படும் பாட்டைப் பார்த்தால் புரியும். சரக்கு வண்டிக்கு இரண்டாவது இன்ஜின் கோத்துப் பாருங்கள், பெட்டியைக் கூட்டுவதற்கு முன்னால்.

சரி, மேட்டைத் தவிர்க்கச் சுரங்கப் பாதை குடையலாமா, பாலம் கட்டலாமா? கட்டலாம். ஆனால் வழக்கமான ஓப்பன் டிடிடியில் சுரங்கப் பாதைக்குள்ளேயும் பாலத்தின் மேலேயும் சிக்னல் வைக்க முடியாது. இருபது கட்டச் சுரங்கப் பாதை என்றால் அந்த இருபது கட்டத்துக்கும் ஒரே வண்டிதான். இரட்டைப் பாதையில் மற்ற இடத்தில் ஐந்து கட்டத்துக்கு ஒரு சிக்னல் வைத்து என்ன பயன், அத்தனை வண்டியும் இந்தச் சுரங்கப் பாதையின் வேகத்துக்குத்தான் வந்தாக வேண்டும். நீளம் தவிர்க்க முடியாதென்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுரங்கப் பாதை குடைந்து வண்டிகளைப் பிரித்து விடுங்கள். மரப் பாலம் மலிவு, ஆனால் அதன் வேக வரம்பு குறைவு, பின்னால் வேகமான இன்ஜின் வாங்கும்போது அந்த ஒரு பாலம் மொத்தப் பாதையையும் இழுத்துப் பிடிக்கும். நெருக்கமான வளைவுகளும் அதே வேலையைச் செய்யும், வண்டி நீள நீள இன்னும் அதிகமாக.

ரோடு குறுக்கிடும் இடத்தில் லெவல் கிராசிங் தானாக அமைந்துவிடுகிறது என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் அங்கே எதற்கு நிற்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ரயில் கூடக் கூட பஸ் நிற்கும், சில நேரம் பஸ் மேல் ரயில் மோதியும் விடும். பரபரப்பான பாதையில் ரோட்டை மேலே தூக்கிவிடுங்கள்.

இனி பராமரிப்பு. பழுது வரும்படி அமைத்து விளையாடினால் வண்டி டெப்போவுக்குப் போய்ச் சரிபார்த்து வர வேண்டும், வழியில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருபவை எல்லாம் நிற்கும். டெப்போ இருக்கிறதா என்பது மட்டுமில்லை, எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மெயின் லைனில் நேரடியாக ஒட்டினால், உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் வண்டி ஊர்ந்து மெயின் லைனை அடைக்கும். ஸ்டேஷன் பக்கம், வேகம் ஏற்கெனவே குறைந்த இடத்தில் வையுங்கள். வயதான இன்ஜின்களை மாற்றத் தானியங்கி வசதி இருக்கிறது, ஆரம்பத்திலேயே போட்டுவைப்பது நல்லது. வண்டிகளைப் பெருக்கும்போது கண்ட்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நகல் எடுத்தால் எல்லா வண்டிக்கும் ஒரே கட்டளைப் பட்டியல், நாளைக்கு ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். அதைச் செய்யாமல் முப்பது வண்டியைத் தனித்தனியாகத் திருத்துவது பெரும் பாடு.

மரங்களையும் விடாதீர்கள். பாதைக்காக ஊர்ப் பக்கத்து மரத்தை வெட்டினால் அந்த ஊர் நிர்வாகத்துக்கு உங்கள் மேல் இருக்கும் மதிப்பு குறையும், ஒரு கட்டத்தில் ஸ்டேஷன் கட்ட அனுமதி மறுத்துவிடுவார்கள். மரம் நட்டால் திரும்ப ஏறும்.

தம்பியின் வரைபடத்தை அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனிலேயே திருத்தினோம். நடுவழிச் சிக்னல் எல்லாவற்றையும் எடுத்தோம், இரண்டு லூப் போட்டோம், பயணிகள் வண்டியை வேறு பாதைக்கு மாற்றினோம், நிலக்கரிச் சுரங்கத்து ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை நாலாக்கினோம். மறுநாள் காலையில் பதினோரு வண்டியும் ஓடுகிறதென்று படம் அனுப்பினான். கீழே இன்னொரு கேள்வி: "அண்ணே, இன்னும் மூணு வண்டி வாங்கட்டுமா?" இறக்கும் பக்கம் மின் நிலையத்தில் எத்தனை பிளாட்பாரம் இருக்கிறதென்று எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.