டிஸ்ட்ராக்ட் வேறு, டிஸ்டர்ப் வேறு

கவனம் லேசாகச் சிதறினாலும் ‘டிஸ்டர்ப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கவனம் வேறு பக்கம் போனால் அதற்குரிய சொல் ‘டிஸ்ட்ராக்ட்’. லத்தீன் மூலத்தில் ‘இழுத்துப் பிரிப்பது’ என்று பொருள். சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் யாரோ சத்தமாக வீடியோ பார்க்க, இறங்க வேண்டிய பீஷான் நிலையத்தைத் தவறவிட்டால், ‘ஐ வாஸ் டிஸ்ட்ராக்டட் பை த நாய்ஸ்’.

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்: கவனம் சிதறிய ஆள் டிஸ்ட்ராக்டட், சிதறடிக்கும் பொருள் டிஸ்ட்ராக்டிங். கட்டுரையில் ‘ஐ வாஸ் டிஸ்ட்ராக்டிங்’ என்று எழுதினால், அடுத்தவர் கவனத்தைக் கெடுத்ததே நீங்கள்தான் என்று ஆகிவிடும். எதிலிருந்து கவனம் விலகியது என்று சொல்ல ‘ஃப்ரம்’ சேருங்கள்.

அப்புறம், இது எப்போதும் குறைசொல்லும் சொல் அல்ல. பாலிகிளினிக்கில் ஊசி போடும்போது குழந்தைக்குப் பொம்மை காட்டுகிறோமே, அதுவும் டிஸ்ட்ராக்ட் செய்வதுதான்.