நாய் நாயகனாக நடித்த மௌனப்படங்கள்: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மௌனப்பட நட்சத்திர நாயான ரின் டின் டின் ஓடும் காட்சியை முதல் தடவை பார்ப்பவர்களில் பலர் சிரித்துவிடுகிறார்கள். சாவி கொடுத்த பொம்மை மாதிரி நாய் விறுவிறுவென்று ஓடுகிறது. குறை நாயிடம் இல்லை, படம் ஓடும் வேகத்தில் இருக்கிறது. மௌனப்பட கேமராவைப் பெரும்பாலும் கையால்தான் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃபிரேம், 20 ஃபிரேம் என்று அது படத்துக்குப் படம் மாறும். அதைப் பேசும்படத்தின் 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லாமே துள்ளும். யூடியூபில் அப்படி ஒரு பிரதி கிடைத்தால் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துப் பாருங்கள். இசை இழுபட்டால் ஒலியை நிறுத்திவிடலாம். நாயின் நடை சட்டென்று நிஜமாகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, தாவலையும் சண்டையையும் மட்டும் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டிவிடுவது. 1925-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி வுல்வ்ஸ்' படத்தில் ரின் டின் டின் ஓநாய்க் கூட்டத்தின் தலைவன். காலில் முள் தைத்துவிடுகிறது. நொண்டும் ஓநாயைக் கூட்டம் விட்டுவைக்காது என்பதால் அது தனியே ஒதுங்கிப் போகிறது. காதை மடக்கி, காலைத் தூக்கி அது நடப்பதைப் பாருங்கள், அதுதான் நடிப்பு. அடுத்த ஆண்டு வந்த 'தி நைட் க்ரை' படத்தில் ஆட்டைக் கொன்ற பழி நாய் மேல் விழுகிறது. கொன்றது காண்டர் என்ற ராட்சதக் கழுகு. அந்தப் பழியைச் சுமந்துகொண்டு எஜமானரின் முகத்தையே அது பார்க்கும் பார்வைக்கு வசன அட்டை எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கெல்லாம் மௌனமே உதவியது. பயிற்சியாளர் லீ டங்கன் கேமராவுக்கு வெளியே நின்று வாய்விட்டுக் கட்டளை சொல்லலாம், படத்தில் அந்தக் குரல் பதியாது. பேசும்படம் வந்ததும் அந்த வசதி போயிற்று. படங்களை எடுத்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1929-இல் ரின் டின் டின்னோடு இருந்த ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது.

ரின் டின் டின்தான் முதல் நாய் நட்சத்திரம் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதற்கு முன்பே, 1921-இல் 'தி சைலன்ட் கால்' படத்தில் நடித்துப் பெயர் வாங்கியது ஸ்ட்ராங்ஹார்ட். ஜெர்மனியில் 1917-இல் பிறந்து, போலீஸ் நாயாகப் பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்ட் அது. இயக்குநர் லாரன்ஸ் டிரிம்பிளும் திரைக்கதை எழுத்தாளர் ஜேன் மர்ஃபினும் அதை அமெரிக்காவில் நடிக்க வைத்தார்கள். டிரிம்பிளுக்கு இது புதிதல்ல. 1910 வாக்கிலேயே ஜீன் என்ற தன் நாயை வைட்டாகிராஃப் நிறுவனத்தின் படங்களில் நடிக்க வைத்தவர். ஸ்ட்ராங்ஹார்ட்டைப் பலரும் மறந்துபோனதற்கு ஒரு காரணம், அதன் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 'தி சைலன்ட் கால்' கூட அழிந்துவிட்டது. எனக்கு இதில் மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்புறம், தொலைக்காட்சிக் குழப்பம். குதிரைப்படைக் கோட்டையில் ஒரு சிறுவனோடு வரும் ரின் டின் டின் 1954-இல் தொடங்கிய தொடரைச் சேர்ந்தது. மௌனப்பட ரின் டின் டின் 1932-லேயே இறந்துவிட்டது. முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில், பிரான்ஸில் குண்டுவீச்சில் சிதைந்த ஒரு நாய்ப்பட்டியிலிருந்து டங்கன் தூக்கி வந்த குட்டி அது.

முதல் ஆஸ்கரில் சிறந்த நடிகருக்கான அதிக வாக்குகள் நாய்க்குத்தான் விழுந்தன, நடிகை ஜீன் ஹார்லோவின் மடியில் அது உயிரைவிட்டது என்ற கதைகளை உண்மை என்று பரப்பாதீர்கள். இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அதன் உண்மை வாழ்க்கையே போதுமான அளவு பெரியது.

இந்த நாய்ப் படங்களில் பலவற்றை 'வெஸ்டர்ன்' வகையில் சேர்ப்பார்கள். அதைக் கேட்டதும் பாலைவனமும் கவ்பாயும் மட்டும் வரும் என்று எதிர்பார்த்தாலும் ஏமாறுவீர்கள். 1923-இல் வந்த 'வேர் தி நார்த் பிகின்ஸ்' மாதிரிப் பல படங்கள் கனடாவின் பனிக்காட்டில், மென்மயிருக்காக விலங்குகளைப் பிடிக்கும் வேட்டைக்காரர்கள் நடுவே நடப்பவை.

எதில் தொடங்குவது என்றால், 'கிளாஷ் ஆஃப் தி வுல்வ்ஸ்'. அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2004-இல் சேர்க்கப்பட்ட படம். அடையாளம் தெரியாமலிருக்க நாய்க்குத் தாடி ஒட்டும் காட்சி வரும்போது தயங்காமல் சிரியுங்கள். அது சிரிப்பதற்காகவே எடுத்தது.