சி.டி. ஸ்கேனில் புற்றுநோயாளியின் தசை இழப்பை அளக்கும் முறை

புற்றுநோயாளியின் தசை கரைந்துவருவதை எடைப்பொறி பல வேளைகளில் காட்டிக்கொடுப்பதில்லை. உடற்கொழுப்பும் வயிற்றில் சேர்ந்த நீரும் எடையைக் குறையவிடாமல் வைத்திருக்க, உள்ளே தசை மட்டும் குறைந்துகொண்டே போகலாம். தசை குறைந்தவர்களுக்குக் கீமோதெரபியின் பக்கவிளைவுகள் கடுமையாக வர வாய்ப்பு அதிகம் என்பதால், இதை முன்கூட்டியே கண்டறிவது அவசியம். நோயின் நிலையை அறிய ஏற்கெனவே எடுத்த வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேனே இதற்குப் போதும். இதற்கெனத் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்துக் கதிர்வீச்சைக் கூட்டக் கூடாது.

முதலில் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த ஒரு குறுக்குவெட்டுப் படத்தின் தசைப் பரப்பு, உடல் முழுவதிலும் உள்ள தசையின் அளவோடு நெருங்கிப் பொருந்துகிறது. இடுப்பு முள்ளெலும்புகளுக்குக் கீழே உள்ள திருவெலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணிவந்து, முள்ளெலும்பின் இரு பக்கக் குறுக்கு நீட்சிகளும் தெளிவாகத் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலருக்கு இடுப்பு முள்ளெலும்புகள் ஆறாகவோ நான்காகவோ இருக்கும் என்பதால் எண்ணும்போது அவசரம் ஆகாது.

அந்தப் படத்தை இமேஜ்ஜே, 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, −29 முதல் +150 வரையான ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுகளை (சி.டி. படத்தில் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு)த் தசைக்கு உரிய எல்லையாகக் குறியுங்கள். பிழைகள் பெரும்பாலும் நேர்வது இந்த இடத்தில்தான்: குடலின் சுவரும் அதன் உள்ளடக்கமும், சில வேளைகளில் சிறுநீரகத்தின் அடிப்பகுதியும் இதே எல்லைக்குள் வந்து, தசையோடு சேர்ந்தே நிறமேறிவிடும். ஆகவே முதுகுத் தசைகள், முள்ளெலும்பின் இரு பக்கமும் உள்ள சோவாஸ் தசை, வயிற்றுச் சுவர்த் தசைகள் ஆகியவற்றின் விளிம்பைக் கையால் சரிபார்த்து, மற்றவற்றை நீக்கிய பிறகே பரப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியீடு கிடைக்கும். 1.70 மீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 130 சதுர சென்டிமீட்டர் இருந்தால் குறியீடு 45. கனடா நோயாளிகளை வைத்து 2013-இல் வெளியான வரம்புகளின்படி, உடல் நிறைக் குறியீடு 25-க்குக் கீழ் உள்ள ஆணுக்கு 43-உம், 25-உம் அதற்கு மேலும் உள்ள ஆணுக்கு 53-உம், பெண்களுக்கு 41-உம் எல்லை; அதற்குக் கீழே போனால் தசைக் குறைவு. எனவே அதே உயரமுள்ள ஆணின் அதே 45, எடை 78 கிலோ (உடல் நிறைக் குறியீடு 27) என்றால் தசைக் குறைவு. 65 கிலோ (உடல் நிறைக் குறியீடு 22.5) என்றால் குறைவு அன்று. பருமனான நோயாளிகளிடம் தசை இழப்பு கண்ணுக்குப் படாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. இவ்வரம்புகள் வேற்று நாட்டு உடல்வாகிலிருந்து வந்தவை என்பதால், நம் நோயாளிகளுக்கு அவற்றை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல், அதே நோயாளியின் முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுவதையே நான் அதிகம் நம்புகிறேன்.

தசையின் சராசரி அடர்த்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது குறைந்திருந்தால் தசைக்குள் கொழுப்பு படிந்திருக்கலாம். ஆனால் படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியே செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து அடர்த்தியை உயர்த்திக் காட்டும் என்பதால், ஒப்பிடும் இரு ஸ்கேன்களும் மருந்து செலுத்திய பின் ஒரே கட்டத்திலும் ஒரே குறுக்குவெட்டுத் தடிமனிலும் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு வயிற்று ஸ்கேன் இல்லாதபோது, மூன்றாம் கழுத்து முள்ளெலும்பு மட்டத்துத் தசையை அளந்து கணிக்கலாம். கிடைத்த எண்ணை ஸ்கேன் தேதியுடன் அறிக்கையிலேயே எழுதிவிட்டால், அடுத்த கீமோ சுற்றுக்கு முன்பே மருத்துவரும் உணவியல் நிபுணரும் அதைப் பார்த்துப் புரதத்தையும் உடற்பயிற்சியையும் திட்டமிட முடியும்.