அப்பாவே பேயாகும் கதையில் சறுக்கும் இடங்கள்

அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பும் பிள்ளையை வைத்து இளையோருக்குத் திகில் நாவல் எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது பேயை அப்பாவுக்குள் இறக்கிவிடும் இடத்தில். அடித்தது அவரில்லை, உள்ளே புகுந்த ஏதோ ஒன்று என்றாகிவிடுகிறது. பேயை ஓட்டினால் அப்பா நல்லவர். நிஜமாகவே அடி வாங்கும் பிள்ளை இதைப் படித்தால், “எங்க வீட்டுக்குப் பேயே வரலையே” என்றுதான் நினைக்கும்.

ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ (1977) பெரியவர்களுக்கான நாவல்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அதைப் பார்த்துக் கற்கலாம். பேய் பிடித்த ஹோட்டல் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போவதற்கு வெகு முன்பே, தான் எழுதிய நாடகத் தாள்களில் பீரைக் கொட்டிய மகனின் கையை அந்த அப்பா உடைத்திருக்கிறார். ஏற்கெனவே இருந்த விரிசல் வழியாகத்தான் ஹோட்டல் உள்ளே நுழைகிறது. கடைசியில் ஒரு கணம் அப்பாவாகவே நின்று மகனை ஓடச் சொல்கிறார். அதற்காக அந்தக் கை உடையாமல் போய்விடுவதில்லை.

சிலர் அப்பாவை எந்நேரமும் உறும வைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆளை வெறுப்பது சுலபம். பிள்ளையைக் குழப்புவது அடித்த மறுநாள் அவர் வாங்கிவரும் பரோட்டா பொட்டலம். பசியில் அதைச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டதற்காகத் தன்மேலேயே கோபப்படும். அப்புறம் அந்தச் சத்தங்கள்: வண்டிக்கு ஸ்டாண்டு போடும் ஓசை, செருப்பைக் கழற்றும் வேகம், சாவியை வைக்கும் விதம். இன்றைய ராத்திரி எப்படி என்று பிள்ளை இவற்றை வைத்தே கணக்குப் போடும். இதைப் பொறுமையாக ஒரு பக்கம் எழுதிவிட்டால் ரத்தம் தெறிக்கும் பத்துப் பக்கம் வேண்டாம்.

அம்மாவை மூலையில் அழ வைத்து மறந்துவிடாதீர்கள். எங்கே போவது, கையில் எவ்வளவு இருக்கிறது, பிறந்த வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அவரும் ஓயாமல் கணக்குப் போடுகிறவர்தான்.

அப்பா செத்ததும் விடிந்துவிட்டதாக முடிப்பது இன்னொரு வழக்கம். கிங் 2013இல் எழுதிய ‘டாக்டர் ஸ்லீப்’பில் அதே மகன் வளர்ந்து, தானும் குடிக்கு அடிமையாகிறான், பிறகுதான் மீள்கிறான்.

கதை இன்றைய இந்தியாவில் நடந்தால் வாசகர் ஒன்று கேட்பார்: குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறதே, ஏன் கூப்பிடவில்லை? நழுவாதீர்கள். வீட்டிலுள்ள ஒரே போன் தூங்கும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பைக்குள் பிள்ளை கையை விடும் அத்தியாயத்தில் பேய் எதற்கு?