பம்பை அடிக்குப் பின் வந்த கீச்சொலி

சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் பதிவு செய்த பம்பை ஒலியை அமிகா 500 கணினியில், புரோடிராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளில் சாம்பிளாக, அதாவது இசைக்கத்தக்க ஒலித்துண்டாக, ஏற்றினேன். அடி அருமையாக விழுந்தது. ஆனால் அது முடிந்த பிறகும் மெல்லிய கீச்சொலி ஒன்று நிற்காமல் தொடர்ந்தது.

ஒலிபெருக்கிக் கம்பியை மாற்றியும் பயனில்லை. தவில் சாம்பிளுக்குப் பின் அந்தக் கீச்சொலி வரவில்லை. ஆகவே கோளாறு பம்பை சாம்பிளுக்குள்தான்.

அமிகாவில் ஒலி எழுப்பும் பௌலா சிப்பில் நான்கு சேனல்கள், ஒவ்வொன்றும் 8 பிட். ஒரு சாம்பிள் முடிந்ததும் அந்தச் சிப் தானாக நிற்காது. எதையாவது வாசித்துக்கொண்டே இருக்கும். சுழற்சி வைக்காத, அதாவது ஒருமுறை மட்டும் ஒலிக்க வேண்டிய சாம்பிள் என்றால், புரோடிராக்கர் அதன் முதல் இரண்டு பைட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறது. இரண்டும் பூஜ்யமானால் அமைதி. வெவ்வேறு எண்களானால் கீச்சொலி. என் பம்பை ஒலி அடி விழும் கணத்திலேயே தொடங்குவது. அங்கே பூஜ்யம் ஏது?

சாம்பிள் எடிட்டரில் அந்த இரண்டு பைட்டுகளையும் பூஜ்யமாக்கிச் சேமித்தேன். கீச்சொலி அடியோடு போயிற்று. அடியின் கூர்மை துளியும் குறையவில்லை: நொடிக்கு 16,574 பைட்டுகள் ஓடும்போது இரண்டு பைட்டுகளின் இழப்பு காதுக்கு எட்டாது. எவ்வளவு நுட்பமான இயந்திரம்!

பம்பையின் கணீர் ஒலி கொஞ்சம் மழுங்கியும் இருந்தது. புரோடிராக்கரின் E01 கட்டளையால், உயர் ஒலிகளைக் குறைக்கும் வடிகட்டியை அணைத்ததும் அதன் நிலையைக் காட்டும் பவர் விளக்கு மங்கியது, பம்பை தெளிவாகக் கேட்டது.